300 ஓம் ஹெட்போனுக்கு மேசைமேல் வைக்கும் சிறிய ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

இரவுராகம் (சென்னை)

வணக்கம். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகுதான் எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது என்பதால், ஸ்பீக்கரை விட்டு ஹெட்போனுக்கு மாறியிருக்கிறேன். என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650. அதன் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். மடிக்கணினியின் 3.5 மி.மீ. துளையில் நேரடியாகச் செருகினால் இன்றைய திரைப்பாடல்கள் போதுமான சத்தத்தில் வருகின்றன. ஆனால் பழைய கச்சேரிப் பதிவுகளில் ஆலாபனையின் மெல்லிய இடங்கள், ஒலியளவை நூற்றுக்கு நூறு வைத்தாலும் எட்டாமல் நிற்கின்றன. இதைத் தவிர 38 ஓம் கொண்ட ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் ஒன்றும், காதுக்குள் செருகும் சிறிய இயர்போன் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

மேசையில் மடிக்கணினிக்கும் சுவருக்கும் இடையே கையகல இடம்தான் இருக்கிறது. விளம்பரங்களில் ஒரு கருவிக்கு 1000 மில்லிவாட் என்கிறார்கள், இன்னொன்றுக்கு 2000 மில்லிவாட் என்கிறார்கள். வாட் கூடக் கூட ஒலியும் மேம்படுமா? டாக்கும் (எண்களாக இருக்கும் ஒலியை மின்னலையாக மாற்றுவது) ஆம்பும் (அந்த அலையைப் பெருக்குவது) ஒரே பெட்டியில் இருப்பதை வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓம்விதி (கோயம்புத்தூர்)

இரவுராகம் அவர்களுக்கு, வாட் கணக்கிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் ஹெட்போன் எத்தனை வோல்ட் கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றவை தாமாகவே தெளிவாகும்.

எச்டி 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி கிடைக்கும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளே சொல்கிறது. மின்னழுத்தம் இரு மடங்கானால் 6 டெசிபல் கூடும். ஆகவே 2 வோல்ட்டில் 109, 4 வோல்ட்டில் 115. அந்த 4 வோல்ட்டில் 300 ஓம் சுருள் இழுக்கும் மின்திறன் வெறும் 53 மில்லிவாட்தான். நீங்கள் பார்த்த 2000 மில்லிவாட் என்பது பெரும்பாலும் 32 ஓம் சுமைக்குச் சொல்லப்படும் எண். அதை 300 ஓம் ஹெட்போனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். பல மடிக்கணினிகளின் ஹெட்போன் துளை 1 வோல்ட் அளவிலோ அதற்குக் கீழோதான் தரும். இன்றைய திரைப்பாடல்கள், உச்சத்துக்கும் சராசரிக்கும் அதிக இடைவெளி இல்லாதபடி இறுக்கி அழுத்தப்பட்டு வெளிவருகின்றன. அதனால் அந்த 1 வோல்ட்டே அவற்றுக்குப் போதுமாக இருக்கிறது. கச்சேரிப் பதிவு அப்படியல்ல. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் ஓங்கிய அடி எங்கோ உச்சத்தில் நிற்க, தம்புராவின் மேல் மிதக்கும் குரல் அதிலிருந்து 20 டெசிபலுக்கும் கீழே கிடக்கும். பழைய நாடாவிலிருந்து மாற்றிய பதிவு என்றால், அந்த உச்சமே முழு அளவைத் தொடாமல் இன்னும் சில டெசிபல் தாழ்ந்திருக்கும். உங்களுக்குக் குறைவது இந்தப் பத்துப் பன்னிரண்டு டெசிபல்தான். 1 வோல்ட்டை 4 வோல்ட் ஆக்கினால் சரியாக 12 டெசிபல் கிடைத்துவிடுகிறது.

ஓம் கூடினால் ஓட்டுவது கடினம் என்ற பொதுவான எண்ணம் பாதி உண்மைதான் என்பதையும் இங்கே காட்டிவிடுகிறேன். 110 டெசிபல் உச்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 600 ஓம் பேயர்டைனமிக் டிடி 880க்கு அதன் உணர்திறன்படி (1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல்) ஏறக்குறைய 25 மில்லிவாட், அதாவது 3.9 வோல்ட் தேவை. ஆனால் மின்னோட்டம் 6.5 மில்லிஆம்பியர்தான். 37 ஓம் ஹைஃபைமேன் சுந்தராவுக்கு 1.2 வோல்ட் போதும். மின்னோட்டமோ 33 மில்லிஆம்பியர். அதே நிறுவனத்தின் பழைய எச்இ-6க்கு 50 ஓம்தான், ஆனால் உணர்திறன் 83.5 டெசிபல் என்பதால் 450 மில்லிவாட்டும் 95 மில்லிஆம்பியரும் வேண்டும். முதலாவது வோல்ட்டைக் கேட்கிறது, இரண்டாவது மின்னோட்டத்தைக் கேட்கிறது, மூன்றாவது இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. பெரிய வாட் எண் உண்மையில் பயன்படுவது அந்த மூன்றாவது வகைக்குத்தான்.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உச்சத்துக்கு இடம் வைப்பது வேறு, அந்த உச்சத்திலேயே கேட்பது வேறு. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இரவின் அமைதியில் அதைவிடக் குறைவாக வைத்தாலே நிறைவாகக் கேட்கலாம்.

நாற்கம்பி (சிங்கப்பூர்)

ஓம்விதி ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆயினும் இன்று 300 ஓமோடு நிற்கிறவர் நாளை சுந்தரா போன்ற பிளானர் வகைக்கு (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும் ஹெட்போன்) போகமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? அதனால் நான் பரிந்துரைப்பது, டாக்கும் ஆம்பும் ஒன்றாக இருக்கும் ஃபியோ கே7 போன்ற ஒரு பெட்டி. 2022இல் வந்த அதில் 6.35 மி.மீ. துளையோடு 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையும் உண்டு. பேலன்ஸ்டு வழியில் 32 ஓமுக்கு 2 வாட் தருகிறது. எச்டி 650இன் கேபிள் கழற்றக்கூடியது என்பதால் 4.4 மி.மீ. கேபிள் ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது. பேலன்ஸ்டு வழியில் இடம் வலம் இன்னும் நன்றாகப் பிரிந்து, மேடை அகலமாகத் தெரிகிறது என்பது நான் நாள்தோறும் கேட்டு உணர்வது.

ஓம்விதி (கோயம்புத்தூர்)

நாற்கம்பி நண்பரே, பெட்டி நல்லதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. பேலன்ஸ்டு வழி எதைத் தருகிறது என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பெருக்கிச் சுற்றுகள் எதிரெதிராக வேலை செய்வதால் மின்னழுத்தம் இரு மடங்காகிறது, மின்திறன் நான்கு மடங்கு வரை உயர்கிறது. பொதுத் தரைக்கம்பி இல்லாததால் ஒரு காதின் ஒலி மறுகாதில் கசிவதும் குறைகிறது. வெளியீட்டு மின்மறுப்பும் அதனோடு சேர்ந்து இரு மடங்காகிறது. 300 ஓம் ஹெட்போனில், நல்ல ஆம்பின் சாதாரண வழியிலேயே அந்தக் கசிவு செவிக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்திருக்கும். எனவே நீங்கள் கேட்கும் அகலத்தில் பெரும்பங்கு, செருகியை மாற்றியவுடன் கூடிய 6 டெசிபலால் வந்திருக்கலாம் என்று கருதுகிறேன். ஒலியளவை அளந்து சமப்படுத்தி ஒப்பிட்டிருந்தால் சொல்லுங்கள்.

வால்வுரசிகர் (டொராண்டோ)

இந்த உரையாடலில் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். எச்டி 650க்கு, வெளியீட்டில் மின்மாற்றி இல்லாத வால்வு ஆம்ப் மிகவும் பொருந்தி வரும். அவ்வகைச் சுற்று இயல்பாகவே நிறைய வோல்ட் தரும், குறைந்த மின்னோட்டம்தான் தரும்; 300 ஓம் ஹெட்போன் கேட்பதும் அதைத்தான். என் மேசையில் இருப்பது பாட்டில்ஹெட் நிறுவனத்தின் கிராக் என்னும் கிட். நானே பற்றவைத்து முடித்தேன். வயலினிலும் நாதஸ்வரத்திலும் மேல்சுருதியின் கூர்மை சற்றுத் தணிந்து, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் உடம்போடு ஒலிப்பது போன்ற நிறைவை வேறெதிலும் நான் கேட்கவில்லை. அளவீட்டுத் தாளில் அது எப்படித் தெரிந்தாலும் எனக்குக் கவலையில்லை. இசை கேட்பதற்காகத்தானே இத்தனையும்.

ஓம்விதி (கோயம்புத்தூர்)

வால்வுரசிகர் சொல்லும் அந்த நிறைவு கற்பனையல்ல. அளந்து காட்டக்கூடிய காரணம் அதற்கு உண்டு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எச்டி 650 எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓம் அல்ல. தாழ்சுருதியில், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில், அதன் மின்மறுப்பு ஏறக்குறைய 500 ஓம் வரை எழும்புகிறது. ஆம்பின் சொந்த வெளியீட்டு மின்மறுப்பு 120 ஓம் என்று வைத்தால், ஹெட்போனுக்குக் கிடைக்கும் பங்கு 300 ஓம் உள்ள இடத்தில் 71 விழுக்காடு, 500 ஓம் உள்ள இடத்தில் 81 விழுக்காடு. இந்த வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபல். தொப்பிப் பக்கத்தின் ஒலி விழும் இடத்திலேயே அது கூடுகிறது. அதனோடு வால்வின் இரண்டாம் இசைத் திரிபும், அதாவது ஒவ்வோர் ஒலியோடும் அதன் இரு மடங்கு அதிர்வெண்ணை மெலிதாகக் கலப்பதும், சேர்கிறது. இரண்டும் செவிக்கு இனிமையாக இருக்கலாம். விரும்புவது அவரவர் உரிமை.

120 ஓம் என்ற எண்ணும் நான் இட்டுக்கட்டியது அல்ல. ஐஇசி 61938 என்ற தரநிலை 1996இல் ஹெட்போன் வெளியீட்டுக்குப் பரிந்துரைத்த மதிப்பே அதுதான். ஆனால் இரவுராகத்திடம் 38 ஓம் எம்50எக்ஸும் இயர்போனும் இருக்கின்றன. பல ஒலிப்பான்களை உள்ளே வைத்த இயர்போன்களின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாறுமாறாக மாறுவதால், அவ்வளவு உயர்ந்த வெளியீட்டு மின்மறுப்பில் அவற்றின் குணமே உருமாறிவிடும். அதனால்தான் ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற நடைமுறை விதி பரவியது. 38 ஓமுக்கு அது 5 ஓமுக்குள் வரும். இயர்போனுக்கு 1 ஓமுக்கும் கீழே இருப்பது நலம். பிளானர் வகைக்கு மின்மறுப்பு ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால், அவற்றில் குணம் மாறாது. சத்தம் மட்டுமே குறையும்.

மூன்றையும் ஒரே ஆம்பில் கேட்க விரும்புகிறவர் வால்வை இரண்டாவது ஆம்பாக, பின்னொரு நாளில் வாங்குவது பொருத்தம். உள்ளே நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுவதையும், சென்னையின் மே மாதத்தில் மூடிய அறையில் அது வீசும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெல்லொலி (யாழ்ப்பாணம்)

எனக்கும் இதே தேவை என்பதால் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா அடுத்த மாதம் வரும்போது ஒரு சிறிய ஆம்ப் வாங்கிவருவதாகச் சொல்கிறார். அங்கே 120 வோல்ட் மின்சாரம், இங்கே 230 வோல்ட். அடாப்டரின் செருகியை மட்டும் மாற்றினால் போதுமா? மின்தடை வரும்போது எங்கள் வீடு இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. அதனால் ஏதும் சிக்கல் வருமா என்பதையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

வால்வுரசிகர் (டொராண்டோ)

தங்கையே, இதை அண்ணா பெட்டியைக் கட்டும் முன்பே கவனிக்க வேண்டும். அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதை அவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளீடு 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. செருகியை மாற்றினால் போதும். சில மேசை ஆம்ப்களோடு வருவது அப்படிப்பட்ட அடாப்டர் அல்ல. உள்ளே இரும்பு மின்மாற்றி மட்டுமே கொண்டு, 15 அல்லது 16 வோல்ட்டை ஏசியாகவே வெளிவிடும் கனமான கட்டை அது. ஜேடிஎஸ் லேப்ஸ் நிறுவனத்தின் ஆட்டம் (Atom), ஷீட் நிறுவனத்தின் மாக்னி ஆகிய இரண்டு ஆம்ப்களும் இந்த வகை. உள்ளீடு 120 வோல்ட் மட்டும் என்று அச்சிட்ட கட்டையை 230 வோல்ட்டில் செருகினால் சூடேறிக் கருகிவிடும். ஆம்பும் சேர்ந்து போகலாம். வாங்கும்போதே 230 வோல்ட் அடாப்டரோடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் ஏதோ ஒரு டிசி அடாப்டரை அதற்குப் பதிலாகப் போடுவதும் கூடாது.

ஓம்விதி (கோயம்புத்தூர்)

இன்வெர்ட்டரைப் பற்றி நான் சேர்க்கிறேன். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் இரும்பு மின்மாற்றி உறுமும். அந்த உறுமல் சிலவேளை ஹெட்போனிலும் மெலிதாக ஏறும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு இரைச்சலையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை ஆம்பின் குறை என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு முள் சார்ஜரில் ஓடும் மடிக்கணினியின் உலோக மூடியில் விரல்நுனியை இலேசாக இழுத்தால் சிலிர்ப்பது போல் தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் சிறிய மின்தேக்கி வழியாகக் கசியும் மின்னோட்டம் அது. அதே கசிவு யுஎஸ்பி கேபிளின் தரைக்கம்பியில் இறங்கினால் காதில் ரீங்காரம் கேட்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் ஆம்பில் குறையில்லை. எர்த் உள்ள மூன்று முள் சார்ஜரும், உண்மையிலேயே எர்த் கம்பி வந்திருக்கும் சுவர்ச் சாக்கெட்டும்தான் தேவை.

மெல்லொலி (யாழ்ப்பாணம்)

மிக்க நன்றி ஐயா, அண்ணா. அடாப்டரின் படத்தை இன்றே கேட்டு வாங்கிவிடுகிறேன். எங்கள் இன்வெர்ட்டர் எந்த அலை என்பதையும் பார்க்கிறேன்.

இரவுராகம் (சென்னை)

விரிவான விளக்கங்களுக்கு எல்லோருக்கும் நன்றி. இப்போது என் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாற்கம்பி சொன்ன ஒற்றைப் பெட்டி. அது என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. மற்றொன்று, ஏற்கெனவே கைப்பேசிக்காக வைத்திருக்கும் ஆப்பிள் யுஎஸ்பி-சி டாங்கிளை (யுஎஸ்பி துளையில் செருகி ஹெட்போன் துளை பெறும் சிறு இணைப்பி) டாக்காக வைத்துக்கொண்டு, ஆட்டம் போன்ற ஒரு தனி ஆம்பை மட்டும் வாங்குவது. விரலளவு டாங்கிளை நம்பி ஆம்ப் வாங்குவது சரியாகுமா? பழைய ஆம்ப் ஒன்றில், மிகக் குறைந்த ஒலியில் பாடகர் இடப்பக்கம் நகர்ந்துவிடுவதை ஒரு நண்பர் வீட்டில் கேட்டேன். அது எதனால் வருகிறது என்றும் அறிய விரும்புகிறேன்.

ஓம்விதி (கோயம்புத்தூர்)

டாங்கிளை உருவம் பார்த்துத் தள்ள வேண்டாம். அது 1 வோல்ட் தரும். ஐரோப்பாவுக்கான பதிப்பு மட்டும் அதில் பாதி. அதன் திரிபும் இரைச்சலும் பழைய கச்சேரி நாடாவின் இரைச்சலுக்கு வெகு கீழே இருக்கின்றன. ஆட்டத்தின் தாழ்ந்த கெயின், அதாவது மின்னழுத்தத்தைப் பெருக்கும் அளவு, 1 மடங்கு, உயர்ந்த கெயின் 4.5 மடங்கு. உயர்ந்த கெயினில் உங்கள் 1 வோல்ட் 4.5 வோல்ட் ஆகிறது. எச்டி 650இல் அது 116 டெசிபல் உச்சம். நீங்கள் தேடிய 12 டெசிபலும் அதற்கு மேல் சிறிதும் கிடைக்கிறது. இயர்போனுக்குத் தாழ்ந்த கெயினை வைத்தால் போதும். பட்ஜெட்டை மீறி ஒற்றைப் பெட்டி வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

பாடகர் ஒரு பக்கம் நகர்வதற்குக் காரணம் ஒலியளவுக் குமிழ். குமிழுக்குக் கீழே இரண்டு கரித்தடங்கள் இருக்கின்றன, இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று; அவற்றின் மேல் தொடுமுனைகள் ஒரே அச்சில் சுழல்கின்றன. சுழற்சியின் தொடக்கப் பகுதியில் இரண்டு தடங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. விலை உயர்ந்த குமிழில் இந்தப் பிழை குறையுமே தவிர மறையாது. 2 வோல்ட் தரும் டாக்கை உயர்ந்த கெயினில் இணைத்து உணர்திறன் மிக்க இயர்போனைச் செருகினால், கடிகாரத்தின் எட்டு மணி நிலைக்கு மேல் குமிழைத் திருப்பவே முடியாது. பிழை மிகுந்த இடமும் அதுவே. வழக்கமாகக் கேட்கும் ஒலியில் குமிழ் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் நிற்கும்படி கெயினைத் தேர்ந்துகொள்வதே முறை. பலர் கெயின் பொத்தானைத் தரத்துக்கான பொத்தான் என்று நினைத்து எப்போதும் உயர்த்தியே வைக்கிறார்கள்.

இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு தூய்மையான ஆம்ப் கிடைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 2011இல் ஓ2 என்ற ஆம்பின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் இணையத்தில் பொதுவில் வைத்தார்; யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். அடுத்த ஆண்டு மாக்னி 99 டாலருக்கு வந்தது. ஓ2வைச் செய்து விற்றுவந்த ஜேடிஎஸ் லேப்ஸ் 2018இல் ஆட்டத்தை அதே 99 டாலருக்குக் கொண்டுவந்தது. அளவீட்டைத் திறந்து வைத்த அந்த மனிதருக்கு நம்மைப் போன்றவர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, ஆம்போடு தொடர்பில்லாத ஒன்று. எச்டி 650 திறந்த வகை. உங்கள் மின்விசிறியின் இரைச்சல் தடையின்றி உள்ளே வரும். ஆலாபனை எட்டாமல் நிற்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். விசிறியை ஒரு படி குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

நாற்கம்பி (சிங்கப்பூர்)

நீங்கள் கேட்டபடி அளந்து பார்த்தேன் ஐயா. 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும் நிலையிலேயே மீட்டரை வைத்து, இரண்டு வழிகளிலும் 0.50 வோல்ட் வரும்படி குமிழைத் திருப்பி வைத்துக்கொண்டு, மனைவியை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டேன். எச்டி 650இல் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உணர்திறன் குறைந்த என் பிளானரில் மட்டும், ஒலியை நன்றாகக் கூட்டும்போது சாதாரண வழி முதலில் திணறுகிறது. ஆகவே என் பரிந்துரை பிளானர் வைத்திருப்போருக்குப் பொருந்தும். இரவுராகத்துக்குத் தனி ஆம்பே போதும் என்பதை ஏற்கிறேன். இதே சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கடையில் கிடைக்கும் மிக மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசி அளவீடு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், அரை வோல்ட்டை அதில் படிக்க முடியாது. 2 வோல்ட் ஏசி நிலை உள்ள மீட்டர் வேண்டும்.

இரவுராகம் (சென்னை)

நேற்று இரவு விசிறியை இரண்டில் வைத்துக் கேட்டேன். மடிக்கணினியிலேயே ஆலாபனை முன்பைவிடத் தெளிவாக வந்தது. ஆனாலும் மந்திர ஸ்தாயியில் குரல் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. ஆட்டத்தை 230 வோல்ட் அடாப்டரோடு ஆர்டர் செய்துவிட்டேன். டாங்கிளிலிருந்து ஆம்புக்குப் போக 3.5 மி.மீ.இலிருந்து இரண்டு ஆர்சிஏ செருகிகளாகப் பிரியும் கேபிள் ஒன்றையும் வாங்கிவிட்டேன். இணைக்கும்போது மடிக்கணினியின் ஒலியளவை எவ்வளவு வைக்க வேண்டும்?

ஓம்விதி (கோயம்புத்தூர்)

மடிக்கணினியில் முழு அளவு வைத்து, ஆம்பின் குமிழில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஆம்பை இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஒரு சிறு அதிர்ச்சி ஒலி எழக்கூடும் என்பதால், முதலில் ஆம்பை இயக்கி, குமிழை முழுவதும் குறைத்து, அதன் பிறகு ஹெட்போனைச் செருகுங்கள். முடிக்கும்போது ஹெட்போனை முதலில் எடுத்துவிடுங்கள். எச்டி 650இலிருந்து இயர்போனுக்கு மாறும் ஒவ்வொரு முறையும், காதில் வைப்பதற்கு முன் கெயின் பொத்தானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.